ஸ்டோர் சுவரின் சூடு

என் தம்பி இந்த உலகத்தில் மூன்று மாதம்கூட முழுதாக இருக்கவில்லை. அதில் பாதி நாட்களை அவன் ஏலக்காய் ஸ்டோரின் சுவரோரம்தான் கழித்தான். அவனைப் பற்றி நான் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. பேசும் அளவுக்கு அவன் எதுவும் செய்துவிடவும் இல்லை. சிரிக்கப் பழகியிருந்தான், அவ்வளவுதான். பெயர்கூட வைக்கவில்லை. தை மாதம் ஊருக்குப் போய்க் குலசாமி கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அதுவரைக்கும் எல்லோருக்கும் அவன் அப்புதான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. போடிமெட்டைத் தாண்டி இறங்கும் சரிவில் ஒரு ஏலத் தோட்டத்தில் இருந்தோம். அம்மா காய் எடுக்கப் போவாள். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த பச்சைக்காயைக் காய வைக்கிற கட்டடம். ஒரு பக்கம் அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு பெரிய இரும்புக் குழாய்கள் வழியாக உள்ளே போய், தட்டுகளில் பரப்பிய காயை ஒரு பகல் ஒரு இரவு காய வைக்கும். தீ கூடினால் காய் நிறம் மாறிவிடும், குறைந்தால் பூஞ்சை பூத்துவிடும். அப்பாவின் வேலை அந்தத் தீயைக் கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்வது.

நாங்கள் குடியிருந்தது லயத்தில். வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளை அங்கே லயம் என்பார்கள். எங்கள் அறைக்குள்ளேயே அடுப்பு, அங்கேயே படுக்கை, மழை பெய்தால் ஒழுகுகிற இடத்தில் ஒரு சட்டி. அப்பா பீடி குடிப்பதும் அதற்குள்தான். வெளியே மழையில் பீடி பற்றாது.

தம்பி எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். அதற்கு முந்தின நாள்வரை அம்மா சரிவில் காய் எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். போடி ஆஸ்பத்திரியில் அவனை என் கையில் கொடுத்தபோது பூனைக்குட்டியைத் தூக்கியது போல இருந்தது. வாரா வாரம் கொண்டுவந்து எடை பார்க்கச் சொன்னார்கள். அம்மா ஒரு வாரம் போனாள். ஜீப்பில் இறங்கி, வரிசையில் நின்று, திரும்ப ஜீப் பிடித்து ஏறி வருவதற்குள் இருட்டிவிட்டது. அடுத்த வாரம் பெரிய மழை. அந்த மழை விடுவதற்குள் அடுத்த சுற்றுக் காய் எடுப்பு தொடங்கிவிட்டது.

எடுப்பு தொடங்கினால் யாரும் வீட்டில் இருக்க முடியாது. கங்காணி வாசலில் வந்து நின்றார். மோசமான மனிதர் இல்லை. உள்ளே எட்டிப் பார்க்காமல், குடையைப் பார்த்தபடியே பேசினார்.

"ஏம்மா, காயெல்லாம் வெடிச்சு நிக்குது. நாப்பது நாள் ஆகிருச்சுல்ல?"

"இன்னும் பத்து நாள் போகட்டும்ண்ணே. புள்ள ரொம்பச் சின்னது."

"எனக்குத் தெரியாதா? மேல இருக்கவுகளுக்குத் தெரியணுமே. சோலிக்கு வராத ஆளுக்கு லயம் எதுக்குங்கிறாக. புதுசா வந்த ரெண்டு குடும்பம் ரூம் கேட்டு நிக்குது."

மறுநாள் அம்மா இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் பள்ளிக்கூடம் போவது நின்றது. தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. உண்மையைச் சொன்னால், அந்த வேலை கிடைத்ததில் எனக்குப் பெருமைதான்.

அவனுக்கு ஓயாத சளி. அறை முழுக்க ஈரமும் புகையும். அப்பாதான் வழி கண்டுபிடித்தார். ஸ்டோரை ஒட்டி விறகு அடுக்குகிற கொட்டகை ஒன்று இருந்தது. அதன் ஒரு பக்கம் ஸ்டோரின் சுவர். குழாய் அந்தச் சுவரின் உள்பக்கமாகப் போவதால் அது எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சுவரோரம் நான்கைந்து காலிச் சாக்குகளை மெத்தென்று மடித்துப் போட்டு, அதன்மேல் அம்மாவின் பழைய சேலையை விரித்து, அவனைக் கம்பளித் துணியில் சுற்றிப் படுக்க வைத்தார். கங்காணி பார்த்தும் பார்க்காதது போலப் போனார்.

அன்றைக்குத்தான் தம்பி முதல்முறையாக மூன்று மணி நேரம் தொடர்ந்து தூங்கினான். லயத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்து அறையில் இருந்த அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, கொஞ்சம் வாய் நீளம்.

"நம்ம புள்ளைகள்லாம் குளிர்ல வெறச்சுக் கெடந்துச்சுக. இவனப் பாரு, மொதலாளி மாதிரி ஸ்டோர்ல படுத்திருக்கான்" என்றாள்.

"கண்ணு வைக்காதீக மதினி" என்றாள் அம்மா. ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அத்தைதான் எனக்கு இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தாள். "மல்லாக்கப் போட்டா சளி நெஞ்சுல தங்கிரும். குப்புறப் போடு, எறங்கிரும். எம் புள்ளைக நாலும் குப்புறக் கெடந்து வளந்ததுகதான்." அந்த நால்வரும் நல்ல திடமாக எங்கள் கண் முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படியே செய்தேன். குப்புறப் போட்டால் அவன் சத்தமில்லாமல் தூங்கினான்.

அம்மா மத்தியானம் பால் கொடுக்க வருவாள். கங்காணி அதற்கு அரை மணி நேரம் விட்டுக்கொடுத்திருந்தார். சரிவிலிருந்து அவள் இறங்கி வருவது கொட்டகையிலிருந்தே தெரியும். பாதி தூரத்திலேயே ரவிக்கையின் மேல் ஊக்கை அவிழ்த்துக்கொண்டு வருவாள்.

அன்று எடுப்பு தோட்டத்தின் அந்தக் கோடியில், ஓடைக்கு அப்பால். அம்மா வரத் தாமதமாகும் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். நான் தம்பிக்குச் சுற்றியிருந்த துணியை இறுக்கிவிட்டு, குப்புறப் படுக்க வைத்துவிட்டு, வாசல் பக்கம் உட்கார்ந்து சொட்டாங்கல் ஆடினேன். ஐந்து கல்லையும் ஒரே தூக்கில் பிடிக்க அன்றுதான் வந்தது. தம்பி ஒரு தடவைகூட அழவில்லை. அம்மா வந்ததும் அதைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

வந்தாள். சொன்னேன். "தம்பி அழுகவே இல்லம்மா."

"எந்தங்கம்ல" என்று என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு கேட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பால் புரையேறியிருக்கும் என்றார்கள். கண் பட்டுவிட்டது என்றார்கள். குறைமாதப் பிள்ளை, தங்காது என்றார் கங்காணி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அம்மா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்: "நான் நேரத்துக்கு வரல." சாயங்காலம் அப்பாவும் அத்தை வீட்டு மாமாவும் தம்பியை அந்தப் பழைய சேலையிலேயே சுற்றி ஓடைப் பக்கம் கொண்டுபோனார்கள். திரும்பி வந்து குளித்துவிட்டு அப்பா நேராக ஸ்டோருக்குப் போனார். உள்ளே காய் பாதிதான் காய்ந்திருந்தது. தீ அணையக் கூடாது.

மறுநாள் அத்தை, கீழே போகிற ஜீப் டிரைவரிடம் மெதுவாக ஏதோ சொல்லி அனுப்பினாள். அதற்கு அடுத்த நாள் காலை என்னைக் கூப்பிட்டு, "ரோட்டுல போய் நில்லு. டிரைவர் அண்ணன் மல்லியப்பூ கொண்டாருவாரு. வாங்கிட்டு வெரசா வா" என்றாள்.

வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது பூ எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவைச் சமாதானப்படுத்தத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்குப் பூ பிடிக்கும்.

ஜீப் வந்து நின்றது. போடியிலிருந்து வேறு தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வழியில் பார்த்துப் பழகிய முகங்கள்தான். டிரைவர் வாழையிலைப் பொட்டலம் ஒன்றை நீட்டினார். கட்டாத உதிரிப் பூ. வாசனை ரோட்டுக்கே வந்தது.

"அடியே, இம்புட்டுப் பூவா? தம்பிக்குப் பேரு வைக்கிறீகளா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பெரிய எடம்டீ. நம்மளயெல்லாம் கூப்புடுவாகளா?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் வாய் வராது. இப்போதும் அப்படித்தான். எல்லோரும் என்னையே பார்க்கவும் தலையை ஆட்டிவிட்டேன். ஆமாம் என்பது போல.

"கையில வெச்சுக்கிட்டு மொட்டத்தலையா நிக்கிறா பாரு" என்று முதலில் கேட்டவள் தன் கொண்டையிலிருந்து ஒரு சாண் சரத்தைக் கிள்ளி என் சடையில் செருகினாள். டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. "பேசுனது போதும், நேரமாச்சு" என்று வண்டியைக் கிளப்பினார்.

சடையில் பூவோடு நான் வீட்டுக்குள் நுழைந்தேன். அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தை எழுந்து வந்து பூவைப் பிடுங்கப் போனாள். "எழவு வீட்டுல என்னடி சிங்காரம்?"

சுவரில் சாய்ந்திருந்த அம்மா கண்ணைத் திறந்தாள். "விடுங்க மதினி. புள்ளைதான, இருக்கட்டும்" என்றாள். இரண்டு நாளில் அவள் பேசிய ஒரே வேறு வார்த்தை அது.

பிறகு என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். அம்மா பூ வைத்துக்கொண்டு வருவாள் என்று வாசலில் காத்திருந்தேன். அவள் தலையில் பூ இல்லை. ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது மல்லிகை வாசம் வந்தது. எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் ஒரு நாள் அத்தை அதைச் சொன்னாள். குடிக்கப் பிள்ளை இல்லாவிட்டாலும் பால் ஊறுவது நிற்காது. மல்லிகைப் பூவை மார்போடு வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள், பால் வற்றுவதற்கு.

சில வருடம் முன்பு என் மகள் பிரசவத்துக்குப் போடிக்கு, என் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளையைப் பார்க்க நர்ஸம்மா வந்தார். மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், மெத்தென்ற விரிப்பு வேண்டாம், ரொம்பச் சுற்றிச் சூடாக்க வேண்டாம், புகை ஆகாது, பீடி சிகரெட் பக்கத்திலேயே கூடாது, குறைமாதப் பிள்ளை என்றால் இன்னும் கவனம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் எங்கள் பழைய வீட்டைப் பார்த்துவிட்டு வந்து பேசுவது போல இருந்தது.

அவர் கிளம்பும்போது செருப்பு மாட்டும் இடம்வரை போய்க் கேட்டேன். "இதுல எதும்மா கொல்லும்?"

அவர் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "இதுதான்னு ஒண்ணச் சொல்ல முடியாதுக்கா. ஒண்ணு ரெண்டு இருந்தும் நல்லா வளர்ற புள்ளைக நெறைய. எல்லாம் சேந்து வர்ற வீடு இருக்கும் பாருங்க, தாய் உக்காந்து பால் குடுக்க முடியாத வீடு, ஆஸ்பத்திரி எட்டாத வீடு, அங்கதான் அதிகம் பாக்குறோம். அவுக தப்புன்னு சொல்ல முடியுமா?"

அம்மா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அதை அவளிடம் சொல்லியிருப்பேனா என்றும் தெரியவில்லை. அன்று தம்பியைக் குப்புறப் போட்டது நான்தான் என்று நர்ஸம்மாவிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், காய்க்குச் சூடு கூடிவிடக் கூடாது என்று ஒரு வெப்பமானி தொங்கியது. மணிக்கொரு தரம் அப்பா அதைப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்துக்கொள்ள ஒன்பது வயதில் நான் இருந்தேன்.

தம்பி போன ஐந்தாம் நாள் அம்மா மறுபடியும் காய் எடுக்கப் போனாள். என்னைத் திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் போகச் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அவர் குடித்து முடிக்கும்வரை விறகுக் கொட்டகை வாசலில் நின்றேன். சுவரோரம் சாக்குகளை எடுத்துவிட்டிருந்தார்கள்.

மத்தியானம் ஆனது. சரிவிலிருந்து அம்மா இறங்கி வந்தாள், எப்போதும் வருகிற அதே நேரத்துக்கு. நான் கூப்பிடாமலே என்னைப் பார்க்க வருகிறாளே என்று கையை ஆட்டினேன். அவள் வேகமாக வந்து கொட்டகைக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டாள். அந்த இடத்துக்கு எப்படி வந்தோம் என்று யோசிக்கிறவளைப் போல நின்றாள். ரவிக்கையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"ஏம்மா, எங்க நனைஞ்ச?" என்று கேட்டேன்.

முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "செடி ஈரம் ஆத்தா" என்றாள்.

நான் ஓடிப்போய் அப்பாவின் துண்டை எடுத்து வந்து நீட்டினேன். ஒரு வாரமாகப் பெய்த மழை முந்தின நாளே விட்டு, அன்று காலையிலிருந்து மலை முழுக்க நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.