பின்பாயில் இருந்து துதித்த எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா காலமான செய்தி புத்தூரில் என் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது நான் மூன்றாம் வகுப்புக்குச் சொல்லெழுதல் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய தம்பி துரைராசா சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வாசலில் வந்து நின்றார். "மாஸ்ரர், அக்கா விடியப் போயிட்டா. பின்னேரம் எடுக்கினம்" என்றார்.  பிள்ளைகளை மற்ற வகுப்போடு சேர்த்து இருத்திவிட்டு அவருடன் புறப்பட்டேன். இருவரும் சண்டிலிப்பாய்ப் பக்கமுள்ள எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தோம்.

எங்கள் வேதக் கோயில் நிறைந்திருந்தது. உயிரோடிருந்த காலத்தில் அக்காவுக்குப் பக்கத்தில் இருக்கக் கூசியவர்கள் அன்றைக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க இடித்து நெருக்கினார்கள். அவர் மருந்து கட்டி, பிள்ளைப்பேறு பார்த்து, காய்ச்சலில் கூட இருந்த குடியிருப்புச் சனம் வேலிக்கு வெளியே வெயிலில் நின்றது. பெட்டியைத் தாங்கள் தூக்குகிறோம் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள், சபையார் மறுத்துவிட்டார்கள். பிறகு சின்னத்துரை மூப்பர் எழுந்து பேசினார். எங்கள் சபையில் மூப்பர் என்றால் போதகருக்கு அடுத்த ஸ்தானம்; சில காலங்களில் போதகருக்கும் மேலான ஸ்தானம். அக்காவைத் துதியின் பாத்திரம் என்றார் அவர். இந்தச் சகோதரியைக் கொண்டு கர்த்தர் எங்கள் சபை மூலமாக அந்த ஏழைகளுக்கு ஒரு கிணறு அருளினார், அதற்காக அவரை ஸ்தோத்தரிப்போம் என்றார். முன்னால் இருக்கை வாங்குகளில் இருந்தவர்கள் ஆமென் என்றார்கள்.

எனக்கு வாயில் பித்தம் ஊறியது. எழுந்து வெளியே போய் அலரிச் செடியடியில் துப்பினேன்.

மரணத்தைப் பற்றி எழுதும் இடத்தில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் கேட்பீர்கள். அக்காவை அறிந்தவர்கள் கேட்கமாட்டீர்கள். பொய்த் துதியை அவர் எவ்வளவு வெறுத்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய பெட்டிக்கு மேலேயே அதைக் கொட்டினார்கள் என்பதால்தான் எழுதத் தொடங்கினேன்.

அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். எஸ்தர் அக்கா என்னிலும் இளையவர். ஊர் முழுதும் அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். மிஷன் ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை படித்தவர். கல்யாணம் முடித்த கொஞ்ச நாளிலேயே கணவர் காய்ச்சலில் இறந்துபோக, தம்பி வீட்டோடு வந்து இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஆர்மோனியம் வாசித்துப் பாட்டு நடத்துவார்; நான் ஆண்கள் பக்கத்தில் நின்று பாடுவேன். அடக்கத்தன்று ஒருவர் அவரைச் சாந்தசொரூபி என்றார். அதுவும் பொய். அக்கா சுருக்கென்று கதைக்கிறவர். பாட்டு இழுபட்டால் ஆராதனை நடுவிலே ஆர்மோனியத்தை நிறுத்திவிடுவார். புகையிலை மணம் அவருக்கு ஆகாது. வாங்கில் இருந்த கனவான்கள் எல்லோரும் புகையிலைத் தோட்டக்காரர்கள். அவர்களோடு கை குலுக்கினால் வீட்டுக்குப் போய் முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவார்.

எங்கள் கோயிலில் வருஷத்துக்கு ஒருமுறை சாட்சிக் கூட்டம் நடக்கும். தேவனைத் துதிக்கத் தமக்குள்ள காரணத்தை ஒவ்வொருவரும் எழுந்து சொல்லவேண்டும். அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஒருவருக்கு மகனின் உத்தியோகம், ஒருவருக்கு வழக்கில் வெற்றி, ஒருவருக்கு மகளுக்கு அமைந்த டாக்குத்தர் மாப்பிள்ளை. சந்தையில் சாமான் வாங்கியவர்கள் பையைத் திறந்து ஒருவருக்கொருவர் காட்டுவது போலிருக்கும். ஒரு வருஷம் சின்னத்துரை மூப்பர் எழுந்து, பிந்திய மழையில் சுற்றுத் தோட்டங்களெல்லாம் அழுகிப்போக, தன்னுடைய புகையிலையை மட்டும் கர்த்தர் காத்துக்கொண்டார் என்று கண்ணைத் துடைத்தபடி சொன்னார். அவர் திரும்ப வாங்கில் இருந்ததும் அக்கா ஆர்மோனியத்துக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார்.

"அப்ப பக்கத்துத் தோட்டக்காரன் ஆரைத் துதிக்கிறது?"

பின்னால் பாயில் இருந்த பெண்களிடமிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. வாங்குகளில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பாய் என்றேன். எங்கள் கோயிலில் வாங்குகள் முடியும் இடத்தில் தரையில் பாய் விரித்திருக்கும். கோயிலுக்குப் பின்னாலுள்ள குடியிருப்புச் சனம் அதில்தான் இருக்கவேண்டும். அவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். எங்களைவிடச் சாதி குறைந்தவர்கள் என்பதுதான் குற்றம். இராப்போசனப் பாத்திரம் வாங்குகளையெல்லாம் சுற்றி வந்த பிறகே பாய்க்குப் போகும். கோயில் வளவுக் கிணற்றிலும் இதே ஒழுங்குதான். அவர்கள் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். எங்களில் யாருக்காவது மனம் வந்து நீர் இறைக்கும் துலாவை இழுத்து ஊற்றினால் தண்ணீர் உண்டு. மனம் வராவிட்டால் வெறுங்குடத்தோடு போகவேண்டியதுதான்.

ஒரு மாரிகாலத்தில் குடியிருப்பில் வாந்திபேதி வந்தது. தொற்றிவிடும் என்ற பயத்தில் தண்ணீர் ஊற்ற ஒருவரும் கிணற்றடிக்குப் போகவில்லை. குடியிருப்புச் சனம் மாடு குளிக்கும் குட்டையில் அள்ளிக் குடித்தது. அக்கா சபைச் சங்கத்தின் முன் வந்து, கிணற்றை அவர்களுக்குத் திறந்துவிடச் சொன்னார். குட்டைத் தண்ணீர்தான் கொல்லுகிறது என்பதை நேர்ஸ் வேலை படித்தவர் விளங்கச் சொன்னார். சங்கத்தில் நானும் இருந்தேன். அக்கா சொன்னதுதான் சரி என்று சொன்னேன். அன்றைய போதகர் நல்ல மனிதர், மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொன்னவர் மூப்பர்.

"அவையள் துலாவைத் தொட்டால் நாளைக்கு அந்தத் தண்ணியை ஆர் குடிக்கிறது? ஞானஸ்நானம் வேறை, கிணறு வேறை."

பாம்பைக் கண்டால் பயம் வரும், மலத்தை மிதித்தால் அருவருப்பு வரும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். வெள்ளை வேட்டி கட்டி, வேதப்புத்தகத்தைக் கமக்கட்டில் இடுக்கியிருந்த ஒரு மனிதரின் பேச்சு வயிற்றைக் குமட்டும் என்பதை அன்றைக்கு அறிந்தேன்.

மறுநாள் விடிய அக்காவே கிணற்றடிக்குப் போய்த் துலாவை இழுத்துக் குடங்களை நிரப்பினார். சில நாட்கள் அப்படி நடந்தது. பிறகு ஒரு காலையில் போனபோது துலாக்கொடியையும் தண்ணீர் அள்ளும் பட்டையையும் காணவில்லை. சங்கத்தார் கழற்றிப் பண்டகசாலையில் பூட்டிவிட்டார்கள். அக்கா வீட்டுக் கிணறு பங்குக் கிணறு, பங்காளிகள் ஒப்பவில்லை. நானும் அக்காவும் என் வீட்டில் தண்ணீர் காய்ச்சிக் கேத்தல்களில் கொண்டு போனோம். ஒரு குடியிருப்பின் தாகத்துக்குக் கேத்தல் தண்ணீர் எந்த மூலைக்கு?

மரியாளின் குடிலுக்கு அப்படித்தான் போனோம். பாயில் இருந்தவர்களில் மிக நல்ல குரல் அவளுடையது. அவளைப் பாட்டுக்காரரோடு சேர்க்க அக்கா எத்தனையோ தரம் கேட்டும், வாங்குப் பிள்ளைகளின் பக்கத்தில் அவளை நிறுத்த முடியாது என்று மறுத்திருந்தார்கள். அவள் சாணித் தரையில் சுருண்டு கிடந்தாள். கண்கள் குழிந்து, கைத்தோல் கிழவியினுடையது போலத் திரைந்திருந்தது. அந்த நாற்றத்தை என்னால் தாங்க முடியவில்லை. வெளியே வந்து வாந்தியெடுத்தேன். திரும்பி உள்ளே பார்த்தபோது அக்கா அவளுடைய தலையை மடியில் வைத்து, வாயைத் துடைத்துவிட்டுத் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தார்.

"கோயில் தண்ணியோ அக்கா?" என்று மரியாள் கேட்டாள்.

"ஓம்" என்றார் அக்கா.

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். பொழுதுபட முன் மரியாள் இறந்துபோனாள். அவளுக்குப் பின்னும் பலர் போனார்கள்.

நோய் தணிந்ததும் சபையார் ஒரு ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். குருத்தோலை கட்டிக் கோயிலை அலங்கரித்தார்கள். கொள்ளைநோயின் மத்தியிலும் நமது வாங்குகளில் ஒன்றேனும் வெறுமையாகவில்லை என்று போதகர் பிரசங்கித்தார். உண்மைதான். பாயில்தான் இடம் வெறுமையாக இருந்தது. காத்தருளினீரே என்று பாடும் ஒரு கீர்த்தனையைத் தெரிவுசெய்திருந்தார்கள். போதகர் அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். அக்கா ஆர்மோனியத்தை மூடிவிட்டு எழுந்து நின்றார்.

"நான் இதைப் பாடமாட்டன் ஐயா. தண்ணியைப் பூட்டினது நாங்கள். அதுகள் செத்துதுகள், நாங்கள் தப்பினம். பூட்டினவையின்ரை வேலையைத் தேவன்ரை தலையிலை கட்டிப்போட்டு, அதுக்கு ஸ்தோத்திரம் எண்டு சொன்னால் அது துதியில்லை. அவரின்ரை முகத்திலை துப்புறது."

சொல்லிவிட்டு வாங்குகளுக்கு நடுவே நடந்து பின்னுக்குப் போய், மரியாள் வழக்கமாக இருந்த இடத்தில் பாயில் இருந்தார். பாட்டில்லாமல் ஆராதனை முடிந்தது. அந்தக் கிழமையே ஆர்மோனியம் மூப்பருடைய மகளிடம் போனது. நானும் பாட்டை விட்டேன். அதன் பிறகு கோயிலுக்குப் போனால் கதவோரம் நின்றுவிட்டு, பிரசங்கம் முடியுமுன் வந்துவிடுவேன். அக்கா ஒரு ஞாயிறும் தவறவில்லை. பாயில் இருந்தே பாடினார். வாங்குகளின் பாட்டு அவர் குரலுக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது.

மூப்பர் சொன்ன கிணற்றின் கதை இதுதான். குடியிருப்பின் ஓரத்தில் அக்காவுக்குச் சீதனமாக வந்த ஒரு பனங்காணி இருந்தது. அதில் ஒரு மூலையை அந்தச் சனத்துக்கு எழுதிக் கொடுத்தார். அவர்கள் இரும்பு அலவாங்கால் கல்லை உடைத்து உடைத்துத் தோண்டினார்கள். பாதிக் கிணறு தோண்டியிருக்கையில் யாரோ இரவில் ஒரு செத்த நாயை அதற்குள் போட்டிருந்தார்கள். யார் போட்டது என்று ஊருக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு போட்டவர்களும் முழங்காலில் நின்று இராப்போசனம் எடுத்தார்கள். அக்கா அழவுமில்லை, ஏசவுமில்லை. நாயைத் தூக்கி எடுப்பித்து, சுண்ணாம்பு போடுவித்து, மறுபடி தோண்டச் சொன்னார். நல்ல தண்ணீர் வந்தது. சபை கொடுத்தது என்றால், சபை கொடுத்தது அந்த நாயைத்தான்.

கடைசியாக அவரை நான் பார்த்தது கூப்பன் அரிசிக்கு வரிசையில் நிற்கும் இந்தக் காலத்தில்தான். வயிற்றில் கட்டி என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். மெலிந்து கட்டிலோடு கிடந்தார். போதகரும் மூப்பரும் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனதாகச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. இந்தச் சனத்தைக் கண்டாலே அருவருப்பாக இருக்கிறது, இவர்கள் துதிக்கிற தேவனைத் துதிக்க எனக்கு வாய் வருகுதில்லை, உங்களுக்கு எப்படி வருகிறது என்று கேட்டேன்.  அவர் தலையணையை உயர்த்தச் சொன்னார்.

"எனக்கும் அருவருப்புத்தான் மாஸ்ரர். உங்களிலும் கூட. ஆனால் கேளுங்கோ. மரியாளின்ரை வாயைத் துடைக்கேக்கை எனக்கும் குமட்டினது. நீங்கள் வெளியிலை சத்தி எடுத்தியள், நான் விழுங்கினன், அவ்வளவுதான். கர்த்தருக்குக் குமட்டேல்லை. எங்கடை ஊத்தைக்குள்ளை இறங்கி வந்தவர், மூக்கைப் பொத்தேல்லை. அதுக்காகத்தான் நான் துதிக்கிறன். வேறை காரணம் எனக்குத் தெரியாது."

சிறிது மூச்சு வாங்கிவிட்டு மேலும் சொன்னார்.

"மரியாளை மட்டுமில்லை. சின்னத்துரையரையும் அவர் அருவருக்கேல்லை. எனக்கு அதிலை கோபம். அதை அவரோடை தினமும் சண்டை பிடிக்கிறன். சண்டை பிடிச்சுப்போட்டுப் பாடுறன்."

அக்கா சொன்னதில் முதற்பாதி எனக்கு விளங்குகிறது. மற்றப் பாதி இன்னும் தொண்டையில் நிற்கிறது. அடக்கம் முடிந்து கல்லறைச் சேமக்காலையிலிருந்து எல்லோரும் போனபின், வேலிக்கு வெளியே நின்ற சனம் உள்ளே வந்து மண்ணைக் கையால் அள்ளிப் போட்டது. மூப்பர் மட்டும் போகாமல் படலை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று நான் பார்க்க விரும்பவில்லை.

போன ஞாயிறு நான் கோயிலுக்குப் போனேன். கதவோரம் நிற்காமல் பாயில் போய் இருந்தேன். மரியாளின் கணவர் தள்ளி இருந்து இடம் விட்டார். பாட்டுத் தொடங்கியது. மூப்பர் மகளின் ஆர்மோனியம் வழக்கம்போல் பிந்தி வந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல் அடியை நான் பாடினேன். இரண்டாம் அடியில் முன் வாங்கிலிருந்த மூப்பரின் நரைத்த தலை கண்ணில் பட வாய் நின்றுவிட்டது. எஸ்தர் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த முதல் அடியும் அந்தச் சண்டையும்தான். அடுத்த ஞாயிறும் போவேன்.