மலைமேல் பெண்கள் விடுதி

திருச்சி காந்தி மார்க்கெட்டில் வாங்கிய நீலத் தார்ப்பாய் அது. சுருட்டிக் கட்டியபோது ஓர் ஆள் உயரம் இருந்தது. அதைப் பேருந்தில் ஏற்ற நடத்துநர் ஒப்பவில்லை. "இது பயணிங்க வண்டிங்க, லாரி இல்ல" என்றார். எங்கள் தலைமை ஆசிரியை அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "அப்ப இதுக்கும் ஒரு டிக்கெட் போடுங்க, பக்கத்து சீட்டுல உக்கார வச்சுக்கிறேன்" என்றார். பேருந்தே சிரித்தது. துறையூர் வரை அது எங்கள் இருவர் மடியிலும் கிடந்தது. மலையில் ஒழுகும் வகுப்பறைக் கூரைக்காக அவர் வாங்கியது. அந்த அறையில்தான் பெண்பிள்ளைகளைத் தங்கவைக்கப் போகிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மலையில் எல்லோரும் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். திருச்சிப் பழைய நகரத்து இஸ்லாமியக் குடும்பம். கணவர் வளைகுடாவில் இருந்தார், பிள்ளைகள் இல்லை. மாவட்டத்தின் வடக்கு விளிம்பில் இருக்கும் பச்சைமலைக்கு மாற்றல் என்றாலே அதைத் தண்டனையாக நினைப்பவர்கள் அதிகம். ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் வேலைக்குப் போன நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்.

எங்கள் அரசுப் பள்ளியில் பையன்களுக்கு மட்டும் விடுதி இருந்தது. தொலைவிலிருந்த சிற்றூர்களின் பெண்பிள்ளைகள் மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே நடந்து வர வேண்டும். அவர்களை ஏற்றி வர அரசு கொடுத்த ஜீப், ஒரு வருடம் நிதி வரவில்லை என்று நின்றது. மழைக்காலத்தில் ஓடை நிரம்பினால் வர முடியாது. ஓடை வற்றும்போது சிலருக்குக் கல்யாணம் முடிந்திருக்கும்.

பெரிய டீச்சர் விடுதி கேட்டுத் திருச்சி அலுவலகத்துக்கு நடந்துகொண்டே இருந்தார். ஒருமுறை நானும் கூடப் போனேன். அதிகாரி கெட்டவரில்லை. மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டுத்தான் பேசினார்.

"மாணவிங்க எண்ணிக்கை குறைவா இருக்கேம்மா. எண்ணிக்கை காட்டுங்க, விடுதிக்கு நானே எழுதுறேன்."

"விடுதி இருந்தாத்தானே சார் புள்ளைங்க வரும்?"

"நீங்க சொல்றது புரியுது. ஆனா விதி அப்படி இருக்கு."

பெரிய டீச்சர் விறுவிறுவென்று படியிறங்கினார். பேருந்து நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டே, "எண்ணிக்கைதானே கேக்குறாங்க, காட்டிடுவோம்" என்றார்.

அடுத்த வாரமே ஊர் ஊராக ஏறி இறங்கினார். தார்ப்பாய் கட்டிய அந்த வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரமாக அடுக்கிவிட்டுப் பாய் விரித்தோம். திங்கட்கிழமை வந்து வெள்ளிக்கிழமை வீடு திரும்பும் ஏற்பாடு. அவரும் நானும் முறைவைத்துக்கொண்டு பிள்ளைகளுடன் தங்கினோம். மலையின் கடைசி ஊரிலிருந்து ஒரு தாய், முந்திரிக் காட்டில் கூலி வேலை செய்பவர், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளை அழைத்துவந்து விட்டார். அந்தப் பெண்ணுக்குச் சத்தம் போட்டுப் படிக்கும் பழக்கம். எதைக் கொடுத்தாலும், சோப்பு உறையைக்கூட, உரக்கப் படிப்பாள். மற்ற பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அது ஐப்பசி மழை. நான் ஸ்ரீரங்கத்தில் விடுப்பு முடித்துக் காலைப் பேருந்தில் மலையேறிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் மரவள்ளி ஏற்றும் சிறிய வண்டி ஒன்று ஒலிப்பானை அழுத்தியபடியே எதிரே இறங்கி வந்தது. பின்பக்கத் தட்டில் பெரிய டீச்சர் நனைந்தபடி உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பெண். நான் பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஓடிப்போய் அந்த வண்டியில் ஏறினேன்.

விடியலில் வயிறு வலிக்கிறது என்றாளாம். சாப்பாடு சேரவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். இமைகள் தாமாகச் சரியத் தொடங்கிய பிறகுதான் பாயை உதறியிருக்கிறார்கள். கட்டுவிரியன். அதன் கடி பல சமயம் தெரிவதேயில்லை என்பதை நான் பிறகு அறிந்தேன்.

"கண்ணை மூடாதேம்மா. படி, எதையாவது படி" என்று பெரிய டீச்சர் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் உதடுகள் கொஞ்ச நேரம் அசைந்தன. மலை முடிந்து தரைச்சாலை தொடங்கும் இடத்தில் அதுவும் நின்றது.

விசாரணை திருச்சியில் நடந்தது. அந்தத் தாயையும் வரச் சொல்லியிருந்தார்கள். கட்டாயப்படுத்தித் தங்கவைத்தார்களா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். "நான்தாங்க கொண்டாந்து விட்டேன். படிக்கட்டும்னு விட்டேன்" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் சொல்லவில்லை. பெரிய டீச்சரிடம் ஒரே கேள்விதான். யாருடைய அனுமதியில் தங்கவைத்தீர்கள்?

"அனுமதி இல்லைங்க" என்றார். தொடர்ந்து, "அனுமதி இருந்தா அது கடிக்காம போயிருக்குமா சார்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலத்தான் கேட்டார். தற்காலிகப் பணிநீக்க உத்தரவு அன்று மாலையே வந்தது. பிறகு நகரத்தில் ஏதோ ஓர் அலுவலக மேசை கொடுத்தார்கள். அங்கிருந்தே ஓய்வு பெற்றார். மலைக்கு அவர் மறுபடி வரவே இல்லை.

செய்தித்தாள்களில் வந்ததால் விடுதிக்கு நிதி வந்தது. இரண்டு மாடி, இரும்புக் கட்டில்கள், குளியலறைகள், திறப்பு விழாக் கல்வெட்டு. காப்பாளர் பணியிடம் மட்டும் இன்றுவரை நிரப்பப்படவில்லை. இப்போது அந்தப் பள்ளிக்கு நான்தான் தலைமை ஆசிரியை. வெகுகாலம் கட்டில்கள் காலியாகவே கிடந்தன. பிள்ளை செத்த பள்ளிக்கூடம் என்று ஊர்களில் சொன்னார்கள். நான் போய்க் கதவைத் தட்டினால் திறக்கமாட்டார்கள்.

இந்த ஆனியில் அந்தத் தாய் வந்தார். தலை நரைத்திருந்தது. கூடவே அப்போது கைக்குழந்தையாக இருந்த இரண்டாவது மகள். அறைகளுக்குள் போய்ச் சுவரோரங்களைக் கையால் தடவிப் பார்த்தார். வெளியே வந்து, "கட்டில்லயே படுக்கச் சொல்லுங்க டீச்சர். எறங்கிக் கீழ படுத்துக்கும் இது" என்றார். பெரிய டீச்சரை விசாரித்தார். "அவங்ககிட்ட சொல்லிடுங்க, சின்னதையும் விட்டுட்டேன்னு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அதன்பிறகு வேறு சிலரும் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள்.

போன வாரம் ஒரு கூட்டத்துக்காகத் திருச்சிக்கு வந்தேன். முடிந்ததும் பெரிய டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு நெஞ்சில் இருக்கும் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்து, தாய் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் முகம் மலரவில்லை. "யா அல்லாஹ், அதையும் விட்டுட்டாளா" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ இங்க இருக்கே. இன்னிக்கு ராத்திரி அங்க புள்ளைங்களோட யாரு?"

"சமையல்கார அம்மா இருக்காங்க. நான் ஸ்ரீரங்கத்துல தங்கிட்டுக் காலைல..."

"அவங்களுக்கு போன் கெடைக்குமா?"

மழை பெய்தால் கிடைக்காது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, என் பையை எடுத்து என் கையில் கொடுத்தார். "கெளம்பும்மா. சாயங்கால பஸ்ஸை விட்டுடாதே" என்றார்.

துறையூர்ப் பேருந்து காவிரியைத் தாண்டியது. ஸ்ரீரங்கத்துக் கோபுரம் ஜன்னலில் வந்து பின்னால் போயிற்று. திருவெள்ளறை வந்தபோது அம்மாவைக் கூப்பிட்டு, இரவுக்கு எனக்கு உலை வைக்க வேண்டாம் என்றேன். வடக்கே மலைமேல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது.