கண்ணை மூடிக்கொண்டு கேட்டது

பேய், பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த காலத்தில் சாமியாடுகிறவர்களைக் கண்டால்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். நீங்கள் இதை நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

பண்டாரவளையில், மனைவியை இழந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில் தங்கிச் சமைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்திரேலியாவில் இருக்கும் அவர் மகன், அப்பாவுக்குத் துணையாக ஒரு ரோபோவை அனுப்பினார். இடுப்பு உயரம், குழந்தை முகம், இரண்டு பெரிய கண்கள். போகிற இடமெல்லாம் பின்னாலேயே வரும். சேலை மாற்றவே கூச்சமாக இருந்தது, மகனிடம் போனில் சொன்னேன்.

"கண்ணு மூடியிருந்தா அது பாக்காது, கேக்காதுக்கா. பயப்படாதீங்க" என்றார்.

அதன்பிறகு அது கண்ணை மூடினால்தான் எனக்கு மூச்சே வரும்.

ஒரு மத்தியானம் சார் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நல்ல மழை, கரண்டும் இல்லை. குளித்துவிட்டுக் குளியலறைக் கதவைத் தள்ளினால் ஒரு விரல் அளவுதான் திறந்தது. ஒடுக்கமான நடைவழியில், கதவுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே சார்ஜ் தீர்ந்து அது நின்றுவிட்டிருந்தது. சக்கரம் பூட்டிக்கொண்டதால் எவ்வளவு தள்ளியும் அசையவில்லை. இடுக்கு வழியாகப் பார்த்தேன், கண்கள் மூடியிருந்தன. ஜன்னலில் கம்பி. கத்தினேன், அந்த மழையில் யாருக்குக் கேட்கும்?

அப்போதுதான் அதற்குள்ளிருந்து அழுகை வந்தது. என் அழுகை.

"ஒன் மூஞ்சியக்கூட பாக்க விடலியே தங்கம்..."

இறந்தே பிறந்த என் பிள்ளைக்காக, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று தோட்டத்து லயக் குடியிருப்பில் எங்கள் அறையைத் தாழிட்டுக்கொண்டு நான் அழுதது அது. இந்த வீட்டுக்கு வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பு. என் புருஷனிடம்கூடச் சொல்லாமல் பிள்ளைக்கு நான் வைத்த பெயரையும் சொன்னது. காதைப் பொத்திக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சார் வந்துதான் சக்கரப் பூட்டை விடுவித்து அதை நகர்த்தினார்.

"ஏம்மா இப்பிடி தரையில உக்காந்திருக்க?"

"அது பேசிச்சுங்க சார்."

"சார்ஜே இல்லாம செத்துக் கெடக்கு, அது எப்பிடிம்மா பேசும்?"

மகனும் அங்கிருந்தே சரிபார்த்துவிட்டு, எதுவும் பதிவாகவில்லை என்றார். அந்த வாரமே வேலையை விட்டு வந்துவிட்டேன்.

என் அழுகை எப்படி அதற்குள் போனது என்றுகூட இப்போதெல்லாம் நான் யோசிப்பதில்லை. அந்த அழுகைக்கு நடுவே, "அழாதம்மா, அழாத" என்று ஒரு சின்னக் குரல் தேற்றிக்கொண்டே இருந்தது. நான் அழுத அன்று அந்த லயத்து அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.