மலைச்சேற்றில் நின்ற கார்

“அஞ்சு வயசுப் புள்ளைக்கு இன்னா ஞாபகம் இருக்கும்? யாராவது சொன்னதக் கேட்டுக்கினு பேசற நீ” என்றார் சித்தப்பா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். யாரோ சொன்னதை என்னுடையதாகச் சொல்லிக்கொள்ளும் அவசியம் எனக்கு இல்லை. பெரியப்பாவை ஊருக்குக் கொண்டுவந்த அந்தக் காரில் அவரும் இருந்தார். நானும் இருந்தேன்.

பிள்ளையில்லாத பெரியப்பா வீட்டில்தான் வளர்ந்தேன். சேலம் ஆஸ்பத்திரியில் பெரியப்பாவைக் கைவிட்டுவிட்டார்கள். மூச்சு இருக்கும்போதே ஊர் சேர்த்துவிட வேண்டும் என்று வாடகைக் காரில் கிளம்பினோம். வெளியில் இறந்தவரை எங்கள் ஊரில் வீட்டுக்குள் விடமாட்டார்கள். எல்லையிலேயே கிடத்தி, அங்கிருந்தே எடுத்துப் போய்விடுவார்கள். தான் கட்டிய வீட்டில் ஒருமுறையாவது படுக்கவேண்டும் என்பது பெரியப்பாவின் கடைசி ஆசை.

அது இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த சமயம். ஆத்தூரைத் தாண்டியதும் புளியமரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். டிரைவர் வண்டியைத் திருப்பி மலையேறினார். கரியாலூர் வழியாக இறங்கிவிடலாம் என்றார்.

மலைமேல் மழை விட்டிருந்தது. பனிமூட்டத்தில் முன்னால் இருக்கும் மரம்கூடத் தெரியவில்லை. ஒரு வளைவில் பின்சக்கரம் செம்மண் சேற்றில் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. டிரைவர் சக்கரத்து மூடியைக் கழற்றி அதனாலேயே சேற்றை வாரினார். சித்தப்பா உன்னிச்செடியை ஒடித்துத் திணித்தார். டயரில் பாதிக் காற்றை இறக்கிப் பார்த்தார்கள். பெரியம்மா தன் மாற்றுப்புடவையை எடுத்துக் கொடுத்தாள். சக்கரம் அதைச் சுருட்டி விழுங்கியதே தவிர, வண்டி அசையவில்லை.

“பெரியப்பா கைய வுடாம புடிச்சிக்க கண்ணு” என்றாள் என்னிடம். கை சில்லென்று இருந்தது. பனிக்குத்தான் என்று நினைத்து, ஊதி ஊதித் தேய்த்தேன்.

பனிக்குள்ளிருந்து ஒருவர் வந்தார். காலடிச் சத்தமே கேட்கவில்லை. தலையில் சாமை வைக்கோல் கட்டு. எதுவும் கேட்காமல் கட்டைப் பிரித்துச் சக்கரத்தடியில் பரப்பினார். பிறகு கண்ணாடி வழியாக உள்ளே குனிந்து பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இந்தக் குளிரில் எதற்குக் கழற்றுகிறார் என்று நினைத்தேன்.

“பேசிக்கினே போங்கம்மா. ஊர் சேர வரைக்கும் பேச்ச வுடாதீங்க” என்றார் பெரியம்மாவிடம்.

டிரைவர் வண்டியைக் கிளப்ப, சித்தப்பாவும் அவரும் தள்ளியதில் வண்டி துள்ளி ஏறியது. திரும்பிப் பார்த்தேன். வைக்கோல் கிடந்தது, ஆளைக் காணவில்லை.

அதன்பிறகு மலை இறங்கும்வரை பெரியம்மா வாயை மூடவில்லை. “இன்னாங்க, கெணத்துமேட்டு வரப்பு ஒடஞ்சிடுச்சாம். செவலப் பசு ஈனறதுக்குள்ள கட்டணும், கேக்குதா?” மடியிலிருந்த தலை, வளைவுக்கு வளைவு ஆமாம் என்பதுபோல ஆடிற்று. முன்சீட்டிலிருந்த சித்தப்பா ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

எல்லையில் ஊர்ப் பெரியவர்கள் வழிமறித்தார்கள். “உசுரு கீதா?”

பெரியம்மா அவர்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். “நீ சொல்லு கண்ணு, பெரியப்பா இன்னா பண்றாரு?”

“தூங்கறாரு. என் வெரல கெட்டியா புடிச்சிக்கினு கீறாரு” என்றேன். உண்மையும் அதுதான். வழிவிட்டார்கள்.

வீட்டுக்குள் கிடத்தியபிறகு, அந்தப் பிடியிலிருந்து என்னை விடுவிக்கச் சித்தப்பா ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. என்மேல் அவ்வளவு பாசம் என்று பெருமையாக இருந்தது. தலையை மடியில் வைத்திருந்தவள் அந்தக் கேள்விக்குத் தான் பதில் சொல்லாமல் ஏன் என்னைச் சொல்லவைத்தாள் என்று கேட்க அப்போது எனக்குத் தெரியவில்லை.

இப்போது நர்சிங் படிக்கிறேன். உயிர் போனபின் கை எப்படிக் குளிரும், விரல்கள் எப்போது இறுகும் என்று போன வாரம் வகுப்பில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுதியில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பெரியம்மா களத்துமேட்டில் மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை அவள் கைமேல் வைத்து, “எல்லையில என்ன ஏன் சொல்ல வெச்ச?” என்று கேட்டும் விட்டேன்.