கதிரைத் தூக்க அக்கா சேர்த்த வலு

எங்கள் அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரை நேசித்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரை வைக்கிறோம். தம்பியான எனக்கு அவரைப் பற்றிய வியப்பு இன்னும் அடங்கவில்லை.

ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து, நூம்பலில் வாழ்க்கைப்பட்டவர் அக்கா. ஊதினால் பறந்துவிடுவார் என்று உறவினர்கள் கேலி செய்யும் அளவுக்கு மெலிந்த உடல். ஒரே மகன் கதிருக்குப் பிறவியிலேயே கால்கள் இயங்கவில்லை. குளிப்பாட்ட, சக்கர நாற்காலியில் உட்கார வைக்க, எல்லாவற்றுக்கும் அக்காதான் தூக்குவார். கதிருக்கு மீசை அரும்பிய வயதில், ஒருநாள் தூக்கும்போது இருவரும் குளியலறையில் விழுந்துவிட்டார்கள். அக்காவின் கணவரான மாமா வேலை முடிந்து வரும்வரை ஈரத் தரையிலேயே கிடந்தார்கள்.

"இனிமே ஒரு ஆளை வெச்சுக்கலாங்க்கா" என்றேன்.

"அவன் வளர்றான்டா. நானும் வளரணும். அவ்ளோதான்."

இடுப்பு வலி தணிந்ததும் வேலப்பன்சாவடியில் உள்ள ஜிம்மில் போய் நின்றார். பயிற்சியாளர் மஸ்தான் தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம்.

"நீங்களே குச்சியாட்டம் கீறீங்கக்கா. இன்னாத்தக் குறைக்கப் போறீங்க?"

"குறைக்க ஒண்ணுமில்லப்பா. எம் புள்ளையத் தூக்கணும். அதுக்குக் கத்துக் குடு."

அன்று மாலையே மஸ்தான் வீட்டுக்கு வந்து, கட்டிலையும் நாற்காலியையும் பார்த்துவிட்டு, அதற்கேற்றபடி பயிற்சியை வகுத்துக் கொடுத்தார்.

அதன்பின் மழையானாலும் பண்டிகையானாலும் அக்கா போனார். சலிப்பே வராதா என்று ஒருமுறை கேட்டேன். "தெனமும் வரும். செய்யணும்னு நெனச்சாதான் மலைப்பா இருக்கும். அங்க போய் சும்மா நிக்கலாம்னு கெளம்பிடுவேன். நின்னப்புறம் கை தானா எடுக்கும்" என்றார்.

பூந்தமல்லியில் என் மகள் திருமணம். மண்டபம் மாடியில்; லிஃப்ட் பழுது. ஆண்கள் நாங்கள் யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். அக்கா பட்டுப்புடவையை இழுத்துச் செருகி, முழங்கால் மடக்கிக் குனிந்து, கதிரை இரு கைகளிலும் ஏந்தி நிமிர்ந்தார்.

"மாமா, வழி உடு. எங்கம்மா வருது!" என்று கதிர் கத்தினான்.

படிக்கட்டில் நின்ற எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். காலி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பின்னால் போனோம்.

பிறகு புற்றுநோய் வந்தது. மருத்துவமனையிலும் தினமும் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பழகினார். "இன்னும் எதுக்குக்கா இது?" என்றேன். "கதிர் பாக்க வர்றான். நான் படுத்துக்கினே இருந்தா பயந்துடுவான்." அவன் வந்தபோது உட்கார்ந்து அவனைக் கட்டிக்கொண்டார். இரண்டு நாளில் கண் மூடினார்.

சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும், மாமாவைத் தனியே விடாத நூம்பல் தெருவினருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மஸ்தான் தம்பிக்கு என் நன்றி இன்னும் முடியவில்லை. மாமா வேலைக்குப் போனபின் கதிரைத் தூக்குவது இப்போது நான். தினமும் காலையில் மஸ்தானிடம் பயிற்சிக்குப் போகிறேன்.

முதல்முறை தூக்கியபோது என் கைகள் வெடவெடத்தன. கதிர் என் கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"பயப்படாத மாமா. அம்மாவும் மொதல்ல இப்படித்தான் ஆடிச்சு."