லொறிக் கொட்டகையில் ஒரு சொல்

"அம்மா, 'அன்லெஸ்'னா என்னாம்மா?" என்று மகள் இங்கிலிஸ் புத்தகத்தோடு வந்தாள். அகராதியைப் புரட்டினேன். 'இதைவிடக் குறைந்த நிபந்தனைக்கு இல்லை' என்ற பழைய பேச்சு தேய்ந்து தேய்ந்து அந்தச் சொல்லாக ஆனதாம்.

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது எட்டு வயதில், தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவுக்குப் பிரசவ வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து லொறி வேண்டும். "சீட்டில்லாம சாமியும் லொறி ஏறாது" என்பது எங்கள் லயத்துக் குடியிருப்புப் பேச்சு. சீட்டில் கையெழுத்து வைக்க வேண்டிய தோட்டத்துத் துரையோ வெலிமடைக்கு விருந்துக்குப் போயிருந்தார்.

அப்பாவோடு நானும் லொறிக் கொட்டகைக்கு ஓடினேன். யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா, கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்த இங்கிலிஸ் அறிவித்தலைக் காட்டினார்.

"இதில 'அன்லெஸ்' எண்டு கிடக்கு. துரை கையெழுத்து வைக்காட்டி லொறி வெளிக்கிடாது."

"அந்த ஒரு சொல்ல மட்டும் அடிச்சுப்புடுங்கய்யா, புண்ணியமாப் போகும்" என்று அப்பா கும்பிட்டார்.

ஐயா பேனாவைத் திறந்தார். பிறகு மூடிவிட்டார்.

"என்ர வேலை போயிடும்."

அம்மாவைக் கம்பளியில் கிடத்தி, மூங்கிலில் கட்டித் தூக்கினார்கள். தோள் கொடுத்த நாலு பேரில், காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்த கிளாக்கர் ஐயாவும் ஒருவர். பாதி வழியில் அம்மாவின் முனகல் நின்றது. அப்பா கம்பளியை விலக்கிப் பார்த்தார்.

"இனி மெதுவாவே போகலாங்கய்யா" என்றார்.

"'அன்லெஸ்' வச்சு ஒரு வசனம் சொல்லும்மா" என்று மகள் தோளை உலுக்கினாள்.

"மழை பெய்யாவிட்டால் விளையாடப் போவோம்" என்றேன். எழுதிக்கொண்டாள்.