கட்டுச்சோறு வண்டியில் இரண்டு பேர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், தாராபுரத்தை ஒட்டிய எங்கள் தோட்டத்து வீட்டில் தொடங்கிய கதை இது. எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். வெட்கப்பட்டு எதையும் விட்டுவிடாதே என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

அப்போது எனக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. வீட்டுக்காரர் போய்ப் பல வருஷம். மாதவிலக்கும் எப்போதோ நின்றுவிட்டது. இதே மருமகள் தலைச்சன் பிள்ளைக்கு முழுகாமல் இருந்தாள். அவள் வயிறு வளர்ந்தது. கூடவே என் வயிறும் வளர்ந்தது!

முதலில் வாயு என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் குடித்தேன். வயிறு கேட்கவில்லை. முந்தானையை இழுத்து இழுத்து மூடினேன். எத்தனை நாள் மூட முடியும்? கிணற்றடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். "நின்னுபோச்சுன்னு அவதான் சொல்றா, ஆரு கண்டா?" என்று ஒருத்தி சொன்னது என் காதிலேயே விழுந்தது. அடிப்பாவி! அவள் பிரசவத்துக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் இந்த வயிற்றை வைத்துக்கொண்டு அதை யாரிடம் போய்ச் சொல்வது? மகன் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே நிறுத்திவிட்டான். அதுதான் என்னைக் கொன்றது. கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதும் உண்டு.

அந்த நிலையில் மருமகளுக்குக் கட்டுச்சோறு வந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து விருந்து வைத்து, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப்போகும் விசேஷம் அது. சம்பந்தியம்மா கோயமுத்தூர்க்காரர், வாய் கொஞ்சம் நீளம். அவர் கண்ணில் படக்கூடாதென்று சமையற்கட்டில் ஒடுங்கிக் கிடந்தேன். கைம்பெண் முன்னால் வராதது வழக்கம்தானே, நல்லதாய்ப் போயிற்று என்று இருந்தேன்.

பந்தி முடிந்ததும் அவரே உள்ளே வந்தார். என் வயிற்றைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். இந்த வீட்டுக்கு இனிப் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவரோ என் கையைப் பிடித்து, கூட்டம் நிறைந்த வாசலுக்கே கூட்டிவந்துவிட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, ரெண்டு சேலை எடுத்து வெய்யுங்க. புள்ளையோட உங்களையும் கூட்டீட்டுப் போறேனுங்க."

"மாமியாளைக் கூட்டீட்டுப் போறது எந்த ஊரு மொறைங்க?" என்று ஒருத்தி இழுத்தாள்.

"எங்க ஊட்டு மொறைங்க. இன்னைக்கு வெச்சதுங்க" என்றார் சம்பந்தியம்மா.

வண்டியில் மருமகளுக்கு விரித்த ஜமுக்காளத்திலேயே எனக்கும் இடம். தாராபுரம் வந்து பஸ் ஏறினோம்.

கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மா தட்டிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார். "கொழந்தை இல்லீங்கம்மா. சினைப்பையில நீர்க்கட்டி. தீட்டு நின்னதுக்கப்புறம் வர்ற கட்டிய விட்டுவெக்கக் கூடாதுங்க. வயித்தைத் தொறந்துதான் எடுக்கோணும். உசுருக்கு உத்தரவாதம் சொல்ல முடியாதுங்க" என்றார்.

நான் கோவென்று அழுதுகொண்டே சிரித்தேன். பயத்தில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். நோய் என்று ஒருவர் சொல்லமாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தவளுக்கு அல்லவா அது தெரியும்! "இப்பவே எடுங்கம்மா" என்றேன்.

மூக்கில் மருந்துத் துணியை வைத்தார்கள். தித்திப்பாக ஒரு நெடி. அவ்வளவுதான் தெரியும். பிறகு கட்டியைப் பேசினில் வைத்துக் காட்டினார்கள். அப்பப்பா, பெரிய பூசணிக்காய்! இதைச் சுமந்துகொண்டா நான் களை வெட்டினேன்? கெட்ட கட்டி இல்லையாம். ஒரு மனுஷி இன்னொருத்தி வயிற்றைத் திறந்து, இதை எடுத்து, திரும்பத் தைத்து, உயிரோடு கொடுத்திருக்கிறாள். கும்பிடக் கையைத் தூக்க முடியவில்லை. மகன் வந்து பேசினைப் பார்த்தான். என் காலைக் கட்டிக்கொண்டு தேம்பினான்.

சம்பந்தி வீட்டில் ஒரே அறையில் பிரசவித்த மருமகளும் பிள்ளையும், பக்கத்தில் நானும். இருவருக்கும் ஒரே பத்தியச் சோறு. ஒருநாள் மருமகள் தூங்கும்போது சம்பந்தியம்மாவிடம் கேட்டேன்.

"நோவுன்னு தெரிஞ்சுதானுங்க என்னையக் கூட்டீட்டு வந்தீங்க?"

"எனக்கென்னங்க தெரியும்? நானும் கொழந்தைன்னுதான் நெனச்சேனுங்க."

"நெனச்சுமா கூட்டீட்டு வந்தீங்க?"

அவர் பூண்டு உரிப்பதை நிறுத்தவே இல்லை. "பொறந்திருந்தா பேரப்புள்ளையோட சேத்தி வளத்தீருப்பேனுங்க. சோறு ஆறுது, சாப்பிடுங்க."

இதை எழுதும் மருமகள் மூக்கைச் சிந்துகிறாள். அவள் அம்மா கடைசிவரை இதை அவளிடம் சொல்லவே இல்லையாம். கட்டியை எடுத்த டாக்டரம்மாவின் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய் சிலிர்க்கிறது; ஆனால் நான் தப்பு செய்தவள் என்றே நம்பியும், ஊரே பார்க்க என் கையைப் பிடித்தாரே அந்த அம்மாள், அவரை நினைத்தால் பேச்சே வருவதில்லை.